மூன்று தரம் கேட்கிறவர்

அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய சட்டைப்பை. எந்நேரமும் கோதுமை மாவு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். உள்ளே மூன்று வெண்கட்டி, பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதுவோமே, அது. ஒன்று தேய்ந்து போனால் இன்னொன்று வேண்டும், அதுவும் ஆற்றில் விழுந்துவிட்டால் மூன்றாவது வேண்டும். இதை அவரே என்னிடம் சொன்னார், நான் கேட்காமலே.

பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் அவருக்குச் செய்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதில் அவர் பெயர் எதற்கு. எங்கள் ரயில் யார்டில் எல்லோரும் அவரை வெண்கட்டி ஐயா என்போம். முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி ஐயா. இரண்டாவது பெயரை வைத்தவள் நான்தான். வாய் அப்போது எனக்குக் கொஞ்சம் நீளம்.

கம்பளையைத் தாண்டி நாவலப்பிட்டிப் பக்கம் போகிற பாதையில், மகாவலியை ஒட்டினாற்போல், அந்தக் காலத்தில் ஒரு சின்னச் சரக்கு யார்டு இருந்தது. தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகள் இறங்கும், கொழும்பிலிருந்து அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறி வரும். தண்டவாளங்கள் எல்லாம் மேட்டில் தொடங்கி ஆற்றுப் பக்கமாகச் சரியும். மேட்டில் நிற்கிற வேகனுக்குப் பிரேக் பிடிக்காவிட்டால் இஞ்சின் தேவையில்லை, தானாகவே கீழே வந்து சேரும். அதுவும் சத்தம் போடாமல் வரும். ஆற்றுச் சத்தத்தில் பக்கத்தில் வரும்வரை தெரியாது.

அவருடைய வேலை வண்டி பார்ப்பது. நீளப் பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்த்து, பிரேக்கை இழுத்துப் பார்த்து, கோளாறு இருந்தால் வண்டியின் அடிச்சட்டத்தில் வெண்கட்டியால் பெருக்கல் குறிபோல் ஒன்று கீறிவிடுவார். குறி போட்ட வண்டியை யாரும் அசைக்கக் கூடாது. அந்தக் குறியை அவரே அழித்தால்தான் உண்டு, மற்றவர் கை அதில் படக் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம், ஆனால் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

நான் மஹய்யாவையில் பிறந்தவள். அப்பா கண்டி முனிசிபலில் வேலை. பத்தொன்பது வயதில் என்னைக் கட்டிக்கொண்டு வந்து இந்த யார்டு ஓரத்து லைன் வீட்டில் வைத்தார் எங்கள் வீட்டுக்காரர். அவர் சண்டிங் ஆள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் புகுந்து சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவது, கழற்றுவது, இதுதான் நாள் முழுக்க. வந்த முதல் வாரம் அதைக் குசினி ஜன்னலால் பார்த்தேன். வண்டி பின்னால் வருகிறது, இவர் முன்னால் குனிந்து நிற்கிறார், இரண்டு இரும்பும் முட்டுகிற நேரத்தில் தலையை எடுக்கிறார். அன்றைக்கு அடுப்பில் இருந்த பருப்பு கரிந்துபோனது. அதற்குப் பிறகு அந்த ஜன்னலுக்கு ஒரு பழைய சேலைத் துண்டைக் கட்டிவிட்டேன்.

வெண்கட்டி ஐயாவுக்கு அப்படிக் கட்டிக்கொள்ள ஜன்னல் இல்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்தார், எல்லாவற்றுக்கும் பயந்தார், பயத்தை ஒளிக்கவும் மாட்டார். யாழ்ப்பாணத்து மனிதர். மெலிந்த தேகம், காக்கிக் காற்சட்டை, நெற்றியில் திருநீறு. “எனக்குப் பயமாக் கிடக்கு” என்று அவர் சொல்லும்போது, எனக்குப் பசிக்கிறது என்று நாம் சொல்வதுபோல் இருக்கும். வெட்கமே கிடையாது. ஆம்பளை ஒருவர் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பயம் வைத்திருந்தார். தேயிலை வேகன் பக்கத்தில் மண்ணெண்ணெய்த் தாங்கி வண்டி நின்றால் பயம். வாசம் ஏறினால் தேயிலை போச்சு, பொறி விழுந்தால் எல்லாரும் போச்சு. கல்லுடைக்கிற இடத்துக்கு வெடிமருந்து கொண்டுபோகிற சிவப்பு வண்டி வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டுகிற வண்டிக்கு அடியில் கதவு இருக்கிறது, அது திறந்துகொண்டால் யாருடைய காலாவது போய்விடும் என்று பயம். மாட்டு வண்டிக்குக்கூடப் பயந்தார். உள்ளே மாடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வளைவில் வண்டி என்ன ஆகும் என்று கேட்பார். நாங்கள் என்ன சொல்வது? மாட்டைத்தான் கேட்கணும்.

எல்லாவற்றையும் விட அவர் பயந்தது கிரேனுக்கு. தடம்புரண்ட வண்டிகளைத் தூக்கி வைக்கிற கிரேன் அது. அதன் கை நீளம் என்பதால், அந்தக் கை சாய்ந்து கிடக்க முன்னால் ஒரு தட்டு வண்டி ஓடும். இரண்டும் கொழும்புத் துறைமுக யார்டில் பல வருடம் உப்புக் காற்றில் ஓடித் தேய்ந்து எங்களிடம் வந்தவை. அவரும் அங்கேயிருந்து வந்தவர்தான். தட்டு வண்டியின் சக்கரத்தைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். “இதை எனக்குத் தெரியும், பிள்ளை. இதுக்கும் என்னைத் தெரியும்” என்றார் ஒருநாள். 

கக்கத்தில் ஒரு மரக்கட்டை எப்போதும் இருக்கும். ஆப்புபோல் சீவிய கட்டை, சக்கரத்துக்கு அடியில் வைப்பதற்கு. கோழியை இடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் மாதிரி அதையும் இடுக்கிக்கொண்டு அலைவார். யார்டு வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதரை நானா என்போம். அவர் கேலி பண்ணாமல் விடமாட்டார்.

“வாங்க ஐயா. கட்டைக்கும் ஒரு தேத்தண்ணி போடவா?”

“நானா, உந்த அடுப்பை அங்கால தள்ளி வையும். எண்ணெய் வண்டி நிக்குது.”

“அது முந்நூறு அடி அங்கிட்டு ஈக்கி ஐயா.”

“காத்து இஞ்சாலதான் வீசுது. தள்ளினனீரோ?”

“தள்ளிட்டேன்.”

“தள்ளினனீரோ?”

“தள்ளிட்டேன் ஐயா!”

“மெய்யாத் தள்ளினனீரோ?”

“அல்லா! தள்ளிட்டேன், தள்ளிட்டேன்!”

“சரி.” மூன்றாவது பதிலுக்குப் பிறகுதான் அந்தச் ‘சரி’ வரும். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தபடி கடை மர வாங்கில் உட்காருவார். தண்டவாளத்துக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. சண்டிங் ஆட்களிடமும் இதே கேள்விதான், மூன்று தரம். பிரேக் போட்டாச்சா, கட்டை வைச்சாச்சா, ஆள் வெளியில வந்தாச்சா. எங்கள் வீட்டுக்காரர் கடுப்பாகிவிடுவார். “செவிடனுக்கு வேலை கொடுத்திருக்காங்க” என்று வீட்டில் வந்து கத்துவார்.

ஒருநாள் காலையில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய சண்டை. என்ன சண்டை என்று இப்போது ஞாபகமில்லை. என் அம்மா வீட்டைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பார், நான் அவருடைய அக்காவைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பேன். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வேலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வாசலில் வெண்கட்டி ஐயா, கட்டையோடு நிற்கிறார்.

“பிள்ளை, உம்மட மனுசன் ராத்திரி நித்திரை கொண்டவரோ?”

“என்னங்க கேள்வி இது?”

“வீட்டில சண்டையோ?”

எனக்கு வந்ததே கோபம். “அது எங்க வீட்டு விசயங்க. வண்டியத்தானே பார்க்கச் சொல்லிச் சம்பளம் தர்றாங்க, வீட்டையும் பார்க்கச் சொன்னாங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார். போய், வண்டிக்கு நடுவில் புகப் போன எங்கள் வீட்டுக்காரரின் முதுகில், சட்டை மேலே, பெரிதாக ஒரு வெண்கட்டிக் குறியைக் கீறிவிட்டார்! குறி போட்டால் அசைக்கக் கூடாதே. அன்றைக்கு முழுக்க அவரைச் சங்கிலிப் பக்கம் விடவில்லை, சாமான் கொட்டகையில் சாக்கு அடுக்க வைத்தார்கள். யார்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சட்டையைத் துவைக்கும்போது முதலில் நான் திட்டினேன். பிறகு கை அப்படியே நின்றுவிட்டது. காலையில் அவ்வளவு கோபத்தோடு போன மனுசன் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்திருப்பாரா? அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்து நான் சிரித்ததில்லை. அடுத்த தரம் அவர் வாசலில் வந்தபோது கதிரையை எடுத்து வெளியில் போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே துறைமுகக் கதையைச் சொன்னார்.

“அங்க கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில ஒரு முழம் இடம்தான், பிள்ளை. நானும் ஒரு பொடியனும் சேந்துதான் வேலை. ‘ஆள் வெளியில வந்தாச்சோ’ எண்டு நான் கேட்டன். ‘ஓம்’ எண்டு ஒரு குரல் கேட்டுது. கொடியைக் காட்டிப்போட்டன். ஓம் எண்டது அவனில்லை, வேற ஆரோ, வேற ஆருக்கோ சொன்னது. பொடியன் வண்டிக்கு நடுவிலதான் நிண்டவன். ஒருக்கால்தான் கேட்டனான், பிள்ளை. இன்னொருக்கால் கேட்டிருக்கலாம்.”

சொல்லும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கொழும்புப் பக்கம் மாற்றல் என்ற பேச்சு வந்தாலே எழுந்து வெளியில் போய்விடுவாராம். எழுதி எழுதிக் கெஞ்சித்தான் மலைநாட்டுக்கு வந்தாராம். “இனி அந்தப் பக்கம் போனனெண்டால் நான் செத்துப்போவன்” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆயுத பூசை வந்தது. எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாசம். எங்கள் யார்டில் அந்த நாள் பெரிய நாள். இஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டுவோம், சுத்தியல் சங்கிலி எல்லாம் கழுவிப் படையல் வைப்போம், கிரேனுக்கு ஆளுயர மாலை போடுவோம். பொம்பளைகள் எல்லோரும் மஞ்சள் தண்ணீரும் துணியுமாக இறங்கி வண்டிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். மற்றவர்கள் இஞ்சினைக் கழுவப் போனார்கள். கிரேனுக்கு எண்ணெய் போடுவதற்காக அதன் தட்டு வண்டியை முதல்நாள் கழற்றி, மேட்டில் தனியாக நிறுத்தியிருந்தார்கள். மாசமாக இருக்கிறவள், இதை மட்டும் கழுவினால் போதும் என்று என்னை அங்கே அனுப்பினார்கள்.

ஒரு பக்கம் மண்மேடு, கிட்டப் போக முடியாது. இந்தப் பக்கம் கழுவிக்கொண்டே வந்தேன். பிரேக் கம்பிக்குக் கீழே, வலது பக்கம், வெண்கட்டிக் குறி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தரம் அழுத்திக் கீறியிருந்தது. அன்று காலையில் கீறியதாக இருக்கவேண்டும், பொடி உதிராமல் புதுசாக இருந்தது.

அது என்ன குறி என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். சாமி நாளில், சந்தனம் வைக்கிற இடத்தில், வெட்டிப் போட்ட மாதிரி ஒரு குறி கிடந்தால் நல்லாவா இருக்கும் என்று தோன்றியது. வயிற்றுப் பிள்ளைக்காரி நான், என் கண்ணில் அது படுகிறதே என்று இன்னொரு பயம். பூசை முடியும்வரை யாரும் வண்டியைத் தொடப் போவதில்லை, பின்னேரம் அவர் எப்படியும் மறுபடி சுற்றி வருவார், மறுபடி கீறிக்கொள்வார், வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். துடைத்தேன். அந்த இடத்தில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

பூசை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தந்தி வந்தது. மேலே ஒரு சரக்கு வண்டி தடம்புரண்டு பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம், கிரேன் உடனே வரவேண்டுமாம். ஒரே ஓட்டமும் கூச்சலும். மாலையைக்கூடக் கழற்றவில்லை. சுண்டல் தாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நானா கடைப் பக்கம் நிற்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் மேட்டுக்குப் போனார். குறியைப் பற்றி அவரிடம் சொல்ல நினைத்திருந்தது அந்த அவசரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. தட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார், குறி இல்லை, சந்தனம்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கட்டும் என்று கம்பியை இழுத்துவிட்டார். சக்கரத்துக்கு அடியில் இருந்த கட்டையை உதைத்துத் தள்ளினார். வண்டி நின்றது. பிறகு கீழே வந்து கிரேனின் முன்னால் குனிந்து சங்கிலியைச் சரிசெய்தார். முதுகு மேட்டுப் பக்கம்.

வண்டி நகர்ந்ததை நான் பார்த்தேன். முதலில் என் தலைதான் சுற்றுகிறது என்று நினைத்தேன், மாசமாக இருந்ததால். வாழைக்கன்றும் மாலையும் அப்படியே நிற்க, அந்தச் சந்தனப் பொட்டு மட்டும் இடம் மாறியது. சத்தமே இல்லை. ஆறு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. எனக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இன்றைக்கும் கனவில் அந்த வண்டி வருகிறது, இன்றைக்கும் குரல் வருவதில்லை.

வெண்கட்டி ஐயா எங்கேயிருந்து வந்தார் என்று தெரியாது. அவரும் கத்தவில்லை. எதையும் மூன்று தரம் கேட்கிற மனுசன் அன்றைக்கு ஒரு தரமும் கேட்கவில்லை. ஓடினார். அந்த மெலிந்த காலை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டோம். வண்டியோடு கூட ஓடி, குனிந்து, கக்கத்துக் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே செருகினார். கட்டை முறுகி அலறியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எங்கள் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோது வண்டிக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை அகலம். கட்டையைச் செருகிய கையில் இரண்டு விரல் கட்டையோடு போய்விட்டது.

நான் தாச்சியோடு கீழே உட்கார்ந்துவிட்டேன். சுண்டல் எல்லாம் சல்லியில் கொட்டிக் கிடந்தது.

பின்னேரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். குறி இருந்தது, நான்தான் துடைத்தேன் என்றேன். அவர் முகம் வெளுத்தது.

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“இல்லங்க.”

“வாயத் திறக்காத. பொம்பளைங்க வண்டியத் தொட்டதுக்கு மேல குறியையும் அழிச்சாங்கன்னு தெரிஞ்சா என் வேலை போச்சு. வீடு போச்சு. தோட்டத்துல எல்லாம் ஆளக் குறைச்சுக் கப்பலேத்துறாங்க, பார்த்தேல்ல? இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு எங்க போவ?”

அது உண்மைதான். அந்த வருடங்களில் எங்களவர்கள் எத்தனையோ பேர் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்குப் போனார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

விசாரிக்க ஒரு துரை வந்தார். குறி ஏன் இல்லை என்று கேட்டார். வண்டிக் கோளாறுகளைக் கொப்பியில் எழுதுவது வேலை முடியும்போதுதான், அன்றைக்கு அதற்கு முன்னமே விரல் போய்விட்டது. ஆகவே எழுத்திலும் இல்லை. வெண்கட்டி ஐயா சொன்ன பதிலை நானா வந்து எங்களுக்குச் சொன்னார். “கீறினனான் எண்டுதான் நினைக்கிறன். ஆனால் நிச்சயமாச் சொல்ல ஏலாது” என்றாராம். வேறு யாராக இருந்தாலும் அடித்துச் சொல்லியிருப்பார்கள், போட்டேன் துரை, யாரோ அழித்துவிட்டார்கள் என்று. இவரோ தன்மேலேயே பயந்துவிட்டார். மற்றவர் வார்த்தையை மூன்று தரம் கேட்கிறவருக்குத் தன் ஞாபகம் மட்டும் ஒரே தரத்தில் போதுமா?

அதனால் ஊரெல்லாம் கேட்டு அலைந்தார். கையில் பெரிய கட்டு. இஞ்சின் ஆளைக் கேட்டார், நானாவைக் கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. என்னிடம் வந்தார்.

“பிள்ளை, நீர்தானே அந்த வண்டியைக் கழுவினனீர். குறியைக் கண்டனீரோ?”

“தெரியாதுங்க.”

போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். மழை, நனைந்துபோய் நிற்கிறார். உள்ளே வாங்க என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வந்து உட்கார்ந்தால் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

“வடிவா யோசிச்சுப் பாரும், பிள்ளை. வலது பக்கமோ, இடது பக்கமோ, ஒரு கோடாவது?”

“ஞாபகம் இல்லங்க ஐயா.”

அந்த வாரக் கடைசியில் மூன்றாம் தரம் வந்தார். அவர் வருவதைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். இப்போது கேட்டால் அதோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை உதைக்கிறது, உள்ளே வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“குறி இல்லைத்தானே, பிள்ளை?”

“இல்லங்க.”

“சரி” என்றார்.

மூன்றாவது பதிலுக்குப் பிறகு வருகிற அதே ‘சரி’. தான் மறந்துபோனது உண்மை என்று நம்பிவிட்டார். துறைமுகத்தில் ஒரு தரம், இங்கே ஒரு தரம் என்று கணக்குப் போட்டிருப்பார். மாற்றல் கட்டளை அடுத்த வாரம் வந்தது. கொழும்புத் துறைமுக யார்டுக்கு, பழைய இடத்துக்கே. அன்றைக்கு நானா கடை வாங்கில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். முதுகு தண்டவாளத்துப் பக்கம் இருந்தது.

அவர் போகிற காலையில் நான் அடுப்பை மூட்டினேன், அணைத்தேன், மறுபடி மூட்டினேன். இனி அந்தப் பக்கம் போனால் செத்துப்போவேன் என்று என் வாசலில் நின்று சொன்ன மனுசன். என் புருசனுக்காக விரலைக் கொடுத்தவர். அவரையா நான் அங்கே அனுப்புகிறேன்? அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பிளாட்போம் வாங்கில் ஒரு தகரப் பெட்டியோடு இருந்தார். சட்டைப்பை வெள்ளையாக இல்லை, துவைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஐயா, குறி இருந்திச்சுங்க. நான்தான் தொடச்சேன்.”

அவருக்கு விளங்கவில்லை. வாயைப் பிளந்து என்னையே பார்த்தார்.

“குறி கிடந்ததோ?”

“கிடந்திச்சுங்க.”

“நான் கீறினனானோ?”

“நீங்கதான் கீறியிருந்தீங்க. பெருசா, ரெண்டு தரம் அழுத்தி.”

“மெய்யாவோ, பிள்ளை?”

“சத்தியமாங்க. என் வயித்துப் பிள்ளை மேல சத்தியம்.”

கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கோபிப்பார், திட்டுவார், ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் நின்றேன். அவரோ சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பற்களில் ஒன்று இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அப்ப நான் மறக்கேல்லை” என்றார். “நான் மறக்கேல்லைத்தானே.”

“ஸ்டேஷன் ஐயாகிட்டச் சொல்றேங்க. இப்பவே சொல்றேன். நீங்க போக வேணாம்.”

“சொன்னால் உம்மட மனுசனுக்கு வேலை போம். வீடு போம். உமக்குப் பயமில்லையோ?”

“பயமாத்தாங்க இருக்கு.”

“பின்னை சொல்லாதையும். எனக்குத் தெரிஞ்சால் போதும். வேற ஆருக்கும் தெரிய வேண்டாம்.”

“அங்க போறதுக்கு உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

“சரியான பயம்” என்றார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. “ஆனால் இப்ப போகலாம்.”

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நானும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரே வேண்டாம் என்றுவிட்டாரே, இனி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிசம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வண்டி அசையத் தொடங்கிய பிறகு பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“பிள்ளை! வலது பக்கமோ, இடது பக்கமோ?”

“வலது பக்கங்க!”

இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தலையை வெளியில் நீட்டி, காதில் கையை வைத்துக்கொண்டு, மறுபடி என்னவோ கேட்டார். முகத்தில் பழைய பயம் ஏறத் தொடங்கியதைப் பார்த்தேன். கொழும்பு போய்ச் சேர்வதற்குள் மறுபடி சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். கடலோரத்தில் நின்றுகொண்டு ராவும் பகலும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். நான் வண்டியோடு ஓடினேன். ஆயுத பூசையன்று வராத குரல் அன்றைக்கு எனக்கு வந்தது.

“வலது பக்கங்க! பிரேக் கம்பிக்குக் கீழ! நீங்க போட்டீங்க, நான்தான் கழுவினேன்! நான்தாங்க கழுவினேன்!”

அவருக்குக் கேட்டுவிட்டது. தலையை ஆட்டினார். உதடு அசைந்ததில் அது ‘சரி’ என்று தெரிந்தது. வண்டி வளைவில் திரும்பி மறைந்தது.

அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பிளாட்போமில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், யார்டு முனையில் வண்டிக்குக் கொடி காட்டிய எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பச்சைக் கொடியைச் சுருட்ட மறந்து நின்றார். ஸ்டேஷன் ஐயா பேனாவும் கையுமாக அறையை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

“என்ன கழுவினாய் நீ?” என்று கேட்டார்.

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வயிற்றில் பிள்ளை அசையாமல் இருந்தது. அவர் ஒரு தரம்தான் கேட்டார். நான் சொல்லிவிட்டேன்.